டயட் சார்ட்டை அம்மா தொடுவதே இல்லை, எப்படிப் புரியவைப்பது?

கேட்டவரின் அம்மாவுக்குச் சுகர். பாளையங்கோட்டையில் உணவியல் ஆலோசகராக இருக்கிறேன், அதனால் எழுதுகிறேன். புரியவைப்பது இருக்கட்டும். முதலில் அம்மாவிடம், "நேத்து காலையில எந்திரிச்சதுல இருந்து என்னெல்லாம் நடந்துச்சு?" என்று கேளுங்கள். சாப்பாட்டை மட்டுமல்ல, நாள் முழுவதையும்.

முக்கூடல் பக்கமிருந்து ஓர் ஆச்சி வந்தார் (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்). பீடி சுற்றுகிறவர். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 9.8. வேறிடத்தில் கொடுத்த சார்ட்டை நான்காக மடித்து, மாத்திரை அட்டையோடு ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். அதில் 'கருப்பட்டி கூடாது' என்பதற்குச் சிவப்பு மையில் இரண்டு கோடு. "எவ்வளவு சொன்னாலும் விட மாட்டேங்காவ" என்றார் கூட வந்த மகன்.

நாளைச் சொல்லச் சொன்னேன். ஏழு மணிக்கு மாத்திரை, ஒரு காபி. அப்புறம் மடியில் பீடித் தட்டு. மதியம் பீடிக்கடையில் கணக்குக் கொடுக்கும்வரை எழுந்திருப்பதில்லை. கையெல்லாம் தூள், நடுவில் கழுவிச் சாப்பிட்டு உட்கார்ந்தால் பீடிக்கட்டு குறையும். "பதினோரு மணிக்கு கை நடுங்கும்லாம்மா, வேர்த்துக் கொட்டும். நூல் சுத்த வராது. ஒரு துண்டு கருப்பட்டி வாயில போட்டாத்தான் கண்ணு தெளியும்."

நாக்கு ருசிக்காகத் தின்றதல்ல அது. அவருடையது கிளிமிபிரைடு மாத்திரை. காலைச் சாப்பாட்டோடு போட வேண்டியது. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பதால், வயிறு காலியாக இருந்தாலும் சர்க்கரையை இறக்கிவிடும். சார்ட்டில் உள்ளபடி கருப்பட்டியை மட்டும் விட்டிருந்தால், ஆச்சி அந்தத் தட்டின் மேலேயே மயங்கி விழுந்திருக்கலாம். நினைத்தால் இன்றைக்கும் பதறுகிறது. மூன்று மணிக்கு அகோரப் பசியில் ஒரு கும்பா சோறு, சர்க்கரை எகிறியது அங்கேதான்.

கருப்பட்டி சுகருக்கு ஆகும் என்று நம் பக்கம் நினைக்கிறார்கள். ஆகாது, அதுவும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். அதையும் ஆச்சியிடம் சொன்னேன். ஆனால் அதற்கு முன்னால் மருத்துவருக்கு ஒரு சீட்டு எழுதினேன், மாத்திரையை மாற்றினார்.

காலையில் என்ன பிடிக்கும் என்று கேட்டேன். உளுந்தஞ்சோறு என்றார். தாத்தா போனபிறகு செய்வதில்லையாம், "ஒத்த ஆளுக்கு யாரு பொங்குவா?" சரி, ஒரே பொங்கலில் காலைக்குப் பாதி, மதியத்துக்குப் பாதி என்று பேசி வைத்தோம். அரிசியைக் குறைத்து, தொலியோடு கறுப்பு உளுந்தைக் கூட்டி, தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுத்தான் தட்டைத் தொட வேண்டும்.

நோயாளியின் கதையைக் கேட்பதையே ஒரு பயிற்சியாக்கியவர் ரீட்டா சாரன் என்ற அமெரிக்க மருத்துவர். 2000-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே ஒரு திட்டம் தொடங்கினார். உணவியலிலும் முந்தைய 24 மணி நேரச் சாப்பாட்டைக் கேட்டு எழுதும் முறை உண்டு. ஆனால் கிராம் கணக்குப் போடத்தான் அதைப் பெரும்பாலும் பயன்படுத்துகிறோம். அந்த நேரத்தில் அது ஏன் தேவைப்பட்டது என்று கேட்பதில்லை. கேட்டால் பத்து நிமிடம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

உங்கள் அம்மா சொல்வதை அப்படியே ஒரு தாளில் எழுதி, மாத்திரை அட்டையோடு எடுத்துப் போங்கள். நடுக்கம், வேர்வை, கண் இருட்டல் என்று ஏதாவது வந்தால், அடுத்த தேதிவரை காத்திருக்காமல் மருத்துவரிடம் உடனே சொல்லிவிடுங்கள்.