ராஜினாமா கடிதம் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி (சுருக்கப்பட்டது): ஒரு தனியார் மென்பொருள் நிறுவனத்தில் நாலரை ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ஒரு வருடமாக டீம் லீட். என்னோடு இருந்த இருவர் விலகிப் போனார்கள். அவர்கள் இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை, அந்த வேலையும் என் தலையில் விழுந்தது. நள்ளிரவில்கூட மேனேஜரிடமிருந்து மெசேஜ் வரும். மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் மட்டம் தட்டுவார். டார்கெட்டை நடுவில் இரண்டு முறை மாற்றினார். தூக்கம் போய், மனநல மருத்துவரிடம் சிகிச்சையில் இருக்கிறேன். இப்போது செயல்திறன் குறைவு என்று பி.ஐ.பி (குறித்த காலத்துக்குள் செயல்திறனை உயர்த்திக் காட்டச் சொல்லும் திட்டம்) போட்டிருக்கிறார்கள். 'நீங்களே ராஜினாமா கொடுத்துவிட்டால் ரெக்கார்டு சுத்தமாக இருக்கும், வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்' என்கிறது எச்.ஆர். நான் பட்ட மன உளைச்சலுக்கு நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட வேண்டும். மேனேஜர் மேல் போலீஸில் புகாரும் கொடுக்க வேண்டும். முடியுமா?

பதில்: உங்கள் நீண்ட கடிதத்தில் சட்டப்படி முக்கியமான விஷயம் ஒன்றுதான். நீங்கள் இன்னும் ராஜினாமா கொடுக்கவில்லை. கொடுக்காதீர்கள். வெள்ளிக்கிழமை என்பது எச்.ஆர் வைத்த கெடு, எந்தச் சட்டமும் வைத்ததல்ல.

போலீஸ் புகாரை மறந்துவிடுங்கள். வேலைப்பளு கொடுப்பதும், மீட்டிங்கில் கடிந்து பேசுவதும், அதோடு மட்டும் நின்றால், குற்ற வழக்காக நிற்காது. பாலியல் தொல்லையோ சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியதோ இருந்தால் கதையே வேறு, அவற்றுக்குத் தனிச் சட்டங்கள் உண்டு. உங்கள் கடிதத்தில் அந்த இரண்டும் இல்லை.

மன உளைச்சலுக்கு நஷ்ட ஈடு என்ற யோசனையும் உங்களை வெகுதூரம் கொண்டுபோகாது. சிவில் நீதிமன்றத்தில் வழக்குப் போட யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் நிறுவனம் எந்தக் கடமையை மீறியது, அந்த மீறலால்தான் உங்களுக்கு நோய் வந்தது என்ற இரண்டையும் நீங்கள் நிரூபிக்க வேண்டும். வருடக்கணக்கில் இழுக்கும். பணி ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டு எடுத்ததற்கான இழப்பீடுகூடப் பெரும்பாலும் நோட்டீஸ் காலச் சம்பளத்தோடு நின்றுவிடுகிறது. தனியார் வேலையில் 'என்னைத் திரும்ப வேலையில் வை' என்று சிவில் நீதிமன்றம் பொதுவாக உத்தரவிடாது.

அதற்காக நீங்கள் பட்டதெல்லாம் வீண் என்று சொல்ல வரவில்லை. மூன்று பேர் வேலையை ஒருவர் செய்தது, நடுவில் மாறிய டார்கெட், ராத்திரி மெசேஜ், உதவி கேட்டும் ஆள் தராதது ஆகியவற்றை நஷ்ட ஈட்டுக்கான காரணமாக வைத்தால் பலவீனம். அவற்றையே 'செயல்திறன் குறைவு' என்ற குற்றச்சாட்டுக்குப் பதிலாக வைத்தால் பலம். உங்கள் உடம்பையும் மனதையும் கெடுத்த அதே காரணங்கள்தான் உங்கள் வேலையின் தரத்தையும் கெடுத்தன. அந்தக் காரணங்களை உண்டாக்கியது நிறுவனம். இதை நீங்கள் வேலையில் இருக்கும்போதே எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். வெளியே வந்தபின் சொன்னால் ஜோடித்த கதை என்பார்கள்.

பி.ஐ.பி-க்கு இந்த வாரமே பதில் மெயில் போடுங்கள். 'டார்ச்சர்', 'கொடுமை' என்ற சொற்கள் அதில் வேண்டாம். இன்ன தேதியில் இன்னார் விலகினார், அவரிடம் இருந்த இன்ன பணிகள் எனக்கு வந்தன, இன்ன தேதியில் கூடுதல் ஆள் கேட்டேன், பதில் இல்லை, இன்ன தேதியில் டார்கெட் மாறியது என்று எழுதுங்கள். படிப்பவருக்குக் கணக்குப் பேரேடு மாதிரி இருக்க வேண்டும். பி.ஐ.பி தாளில் கையெழுத்துக் கேட்டால் 'பெற்றுக்கொண்டேன், என் ஆட்சேபம் தனியாக' என்று எழுதிப் போடுங்கள்.

இனி நான் உண்மையில் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். களைத்துப் போனவர் தூங்க முடியாத ஒரு ராத்திரியில் மெயிலைத் திறந்து, 'சொந்தக் காரணங்களுக்காக ராஜினாமா செய்கிறேன். எனக்குக் கிடைத்த வாய்ப்புகளுக்கு நன்றி' என்று எழுதி அனுப்பிவிடுகிறார். நோட்டீஸ் காலம் முழுக்க வேலை செய்கிறார், லேப்டாப்பை ஒப்படைக்கிறார், 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற தாளில் கையெழுத்துப் போட்டுக் கணக்கு முடிக்கிறார். லிங்க்ட்இன்னில் மேனேஜரையும் டேக் செய்து நன்றிப் பதிவு வேறு. மூன்று மாதம் கழித்து என்னிடம் வந்து, 'கட்டாயப்படுத்தி எழுதி வாங்கினார்கள் மேடம்' என்கிறார்.

அவர் சொல்வது உண்மையாகவே இருக்கும். நிரூபிக்கும் பாரம் அவர் மேல். குறுக்கு விசாரணையில் அந்த மெயிலைக் காட்டி, 'இது நீங்கள் எழுதியதுதானே, உங்கள் வீட்டிலிருந்து அனுப்பியதுதானே, அதற்குப் பிறகு எத்தனை நாள் வேலைக்குப் போனீர்கள், ஒரு நாளாவது ஆட்சேபம் எழுதினீர்களா' என்று கேட்டால் நாலு கேள்வியில் வழக்கு முடிந்தது. படித்தவர், பொறுப்பில் இருந்தவர், எச்.ஆர் பேச்சுக்குப் பயந்து எழுதினார் என்பதை நீதிமன்றம் லேசில் ஏற்பதில்லை. ராஜினாமாவை அது நடைமுறைக்கு வரும் தேதிக்குள் திரும்பப் பெறலாம் என்று 1978-இல் கோபால் சந்திர மிஸ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் உங்கள் பணி ஒப்பந்தம் வேறு மாதிரி இருக்கலாம். எச்.ஆர் அன்றைக்கே ஏற்று, அன்றைக்கே விடுவித்துவிட்டால் திரும்பப் பெற உங்களுக்கு நேரமே இருக்காது.

இதற்கு அடுத்த பள்ளம், சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்குப் போகாமல் இருப்பது. போக மனம் வரவில்லை என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் தகவல் இல்லாமல் நின்றால், 'தானாக வேலையைக் கைவிட்டார்' என்று எழுதிவிடுவார்கள். விசாரணை இல்லாமல் அப்படிப் பெயரை நீக்கக் கூடாது என்று 1993-இல் டி.கே. யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதைக் காட்டி ஜெயிப்பதற்குள் உங்கள் கைக்காசு தீர்ந்துவிடும். முடியாவிட்டால் மருத்துவ விடுப்பு எடுங்கள். உங்கள் உடல்நிலைக்கும் இப்போது அதுதான் தேவை என்று எனக்குத் தோன்றுகிறது.

சான்றிதழில் மருத்துவரின் நோயறிதலும் எத்தனை நாள் ஓய்வு என்பதும் இருந்தால் போதும். 'மேனேஜரால் வந்தது' என்று எழுதித் தரச் சொல்லாதீர்கள். மருத்துவர் உங்கள் அலுவலகத்தைப் பார்த்தவர் இல்லை. நீங்கள் சொல்லித்தான் எழுதினேன் என்று அவர் கூண்டில் சொன்னால் சான்றிதழ் முழுவதும் அடிபடும். வெறும் 'பர்ன்அவுட்' (வேலை அழுத்தத்தால் வரும் களைப்பு) என்று எழுதினாலும் போதாது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி-11 நோய்ப் பட்டியலே அதை வேலை சார்ந்த ஒரு நிலை என்கிறது, நோய் என்று வகைப்படுத்தவில்லை. மருந்துச் சீட்டுகளை எச்.ஆருக்கு அனுப்ப வேண்டாம். சிகிச்சையில் இருக்கிறேன் என்று ஒரு வரி மெயிலில் இருக்கட்டும், பின்னால் 'எங்களுக்குத் தெரியாது' என்று அவர்கள் சொல்ல முடியாது.

இன்னொன்று. ஆதாரம் சேர்க்கிறேன் என்று அலுவலக மெயில்களைச் சொந்த மெயிலுக்குத் தள்ளிவிடாதீர்கள். அதில் வாடிக்கையாளர் தகவல் ஒன்று இருந்தாலும் போதும், செயல்திறன் வழக்கு தகவல் திருட்டு வழக்காக மாறிவிடும். உங்களை நீக்கக் காரணம் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு நீங்களே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகும். உங்கள் போனுக்கு வந்த வாட்ஸ்அப் செய்திகள் உங்களுடையவை. அவற்றை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ் வேண்டும், பாரதிய சாக்ஷிய சட்டத்தின் (சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவு அதைக் கேட்கிறது.

நீங்கள் 'டீம் லீட்' என்பதும் கவனிக்க வேண்டிய விஷயம். 2025 நவம்பர் 21 முதல் தொழில் தகராறு சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. அதிலும் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவரும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளரும் 'தொழிலாளி' ஆக மாட்டார்கள், தொழிலாளிக்கு அந்தச் சட்டம் தரும் பாதுகாப்பு அவர்களுக்குக் கிடைக்காது. பதவிப் பெயர் தீர்மானிப்பதில்லை, நீங்கள் முக்கியமாகச் செய்யும் வேலைதான் தீர்மானிக்கும். நாள் முழுக்க நீங்களே புரோகிராம் எழுதுகிறீர்கள், யாருக்கும் விடுப்பு அனுமதிக்கவோ அப்ரைசல் போடவோ அதிகாரம் இல்லை என்றால் 'நான் தொழிலாளிதான்' என்று வாதாட இடம் இருக்கிறது. அதனால் எந்த மெயிலிலும் 'நான்தான் டீமை நிர்வகிக்கிறேன்' என்று பெருமையாக எழுதிவைக்காதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் என் யோசனை, பேசி முடியுங்கள் என்பதுதான். நீங்கள் அங்கே தொடர விரும்புவதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அப்படியானால் திரும்ப வேலையில் சேர்வதற்காக ஏன் வருடக்கணக்கில் நீதிமன்றம் ஏற வேண்டும்? உங்கள் கையில் இப்போது இருக்கும் ஒரே சரக்கு அந்த ராஜினாமா கடிதம். அவர்களுக்கு அது தேவை. தேவையில்லை என்றால் கூப்பிட்டுக் கேட்டிருக்க மாட்டார்கள். அதைச் சும்மா கொடுக்காதீர்கள். சில மாதச் சம்பளம், நோட்டீஸ் காலத்துக்குப் பிடித்தம் இல்லை, பி.ஐ.பி பற்றி ஒரு சொல்லும் இல்லாத ரிலீவிங் லெட்டர், சிகிச்சை முடியும் வரை மருத்துவக் காப்பீடு ஆகியவற்றை எழுத்தில் வாங்கிக்கொண்டு, பணம் வரும் தேதியும் குறித்தபின் கையெழுத்துப் போடுங்கள். கடைசி வேலை நாளையும் பேரம் பேசுங்கள். பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) 5 ஆண்டு வேண்டும். 4 ஆண்டும் 240 நாளும் இருந்தால் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1998-இல் சொல்லியிருக்கிறது. ஆனாலும் நிறுவனம் தகராறு செய்ய இடம் தராமல், 5 ஆண்டு தாண்டிய ஒரு தேதியைக் கேட்பது நல்லது. விடுப்பில் இருக்கும் காலமும் வேலையில் இருக்கும் காலம்தான்.

பேச்சு படியாமல் பணிநீக்க உத்தரவே வந்துவிட்டால் பதற வேண்டாம், தாமதிக்கவும் வேண்டாம். நீங்கள் தமிழ்நாட்டில் வேலை பார்த்து, நிர்வாகப் பதவியில் இல்லை என்றால் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆம் பிரிவில் மேல்முறையீடு செய்யலாம். தகுந்த காரணம் இருந்ததா என்று அங்கே நிறுவனம்தான் காட்ட வேண்டும். அந்த மேல்முறையீட்டுக்கு உத்தரவு கைக்கு வந்ததிலிருந்து 30 நாள்தான் அவகாசம். உத்தரவு வந்த உறையைக்கூடத் தூக்கிப் போடாமல் எடுத்துக்கொண்டு அந்த வாரமே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.