ஆசாரத்துப் பேச்சு (வீட்டு முன்கூடத்துப் பேச்சு): வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அப்பா தவறி எட்டு மாதம் ஆகிறது. அவருடைய டிவிஎஸ் வண்டி சாளையில் (கொட்டகையில்) அப்படியே நிற்கிறது. அம்மா தினமும் காலையில் அதைத் துடைத்து வைக்கிறார். விற்றுவிடலாம் என்கிறான் தம்பி. அந்தப் பேச்சை எடுத்தாலே வீட்டில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, தாராபுரம்

இப்போதைக்கு விற்க வேண்டாம் கண்ணு. ஏன் என்று சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் 31 வருடம் கணக்கு எழுதினார். காலையில் கொடுமுடியில் ரயில் ஏறினால் பொழுதோடதான் திரும்புவார். தோளில் எப்போதும் ஒரு காக்கித் துணிப்பை. மண்டியில் சாம்பிள் மஞ்சளைக் கையில் எடுத்து ஒடித்துப் பார்ப்பார்கள். உள்ளே நிறம் எப்படி, காய்ச்சல் போதுமா, அதாவது நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்பது ஒடித்த இடத்தில் தெரிந்துவிடும். ஒடித்த விரலித் துண்டுகள் இரண்டு மூன்று எப்படியோ அவர் பைக்குள் வந்து சேரும். எங்கள் வீட்டில் மஞ்சள் விலைக்கு வாங்கியதாக எனக்கு ஞாபகமே இல்லை.

அவர் போய் நான்கு வருடம் ஆகிறது. பை ஆசாரத்து ஆணியிலேயே தொங்கியது. மறு வருடம் மகனுக்குக் கல்யாணம் முடிந்து, மருமகள் உடுமலையிலிருந்து வந்தாள். மாமனாரைப் பார்க்காமலே வந்த பெண். ஒரு சனிக்கிழமை வீட்டை ஒதுங்க வைக்கிறேன் என்று பழைய பைகளை எல்லாம் எடுத்து ஊறப் போட்டுவிட்டாள். நான் பொடக்காளிக்கு, அதாவது கொல்லைப்புறத்துக்குப் போய்ப் பார்த்தால், துவைக்கிற கல்லிலிருந்து தண்ணீர் மஞ்சளாக வடிந்து வாழை மரத்தடியில் போய்த் தேங்குகிறது. கத்திவிட்டேன். அந்தப் பெண்ணை அதற்கு முன்னால் ஒரு வார்த்தை அதட்டியதில்லை. "எனக்குத் தெரியாதுங்க அத்தை" என்று நடுங்கிப் போய் நின்றாள்.

அப்புறம் இருவரும் அந்தக் கல்லிலேயே உட்கார்ந்தோம். பையைப் பற்றிச் சொன்னேன். ஒடிக்கிற சத்தத்தை வைத்தே காய்ச்சலைச் சொல்லிவிடுவார் என்றேன். எந்தச் சோப்பைப் போட்டாலும் அவருடைய பனியன் வெள்ளையானதில்லை என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள், "மாமா எப்படிங்க சிரிப்பாரு?" என்றாள். அதுவரை எழவு கேட்க வந்தவர்கள் எத்தனை பேர், என்னென்னவோ விசாரித்தார்கள். எப்படிச் சிரிப்பார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

உங்கள் வீட்டில் வண்டியை விட அந்தப் பேச்சில்லாத நேரம்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. தம்பி பணத்துக்காகத்தான் விற்கச் சொல்கிறான் என்று முடிவு கட்டாதீர்கள். தினமும் கண்முன் பார்க்க முடியவில்லையோ என்னவோ. அப்பா இந்த வண்டியில் உன்னை எங்கெல்லாம் கூட்டிப் போனார் என்று அம்மா இருக்கும்போது அவனிடம் கேளுங்கள். நின்றே கிடந்தால் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும். அதனால் வாரத்தில் ஒரு நாள் அம்மாவைப் பின்னால் உட்கார வைத்து அமராவதிப் பாலம் வரைக்கும் போய் வரட்டும். அதற்கு முன் வாரிசுச் சான்று வாங்கி ஆர்.சி.யை அம்மா பேருக்கு மாற்றிவிடுங்கள், இன்சூரன்ஸையும் பாருங்கள். விற்பதா வேண்டாமா என்பதை ஒரு வருடம் கழித்து அம்மாவே சொல்லட்டும்.

கேள்வி: அம்மாவின் அஸ்தியைப் பவானி கூடுதுறையில் கரைக்க வேண்டும் என்கிறார் மாமா. கொடுமுடி என்கிறார் சித்தப்பா. அக்காவோ பேரூர் என்கிறாள். எது விசேஷம்?
– ஒரு வாசகர், திருப்பூர்

மூன்றுமே நம் சனத்துக்குப் பழகின துறைகள்தான். கூடுதுறையில் சங்கமேஸ்வரர் கோயிலை ஒட்டி பவானி வந்து காவிரியில் சேருகிறது. எங்கள் கொடுமுடியில் தெற்கே ஓடி வந்த காவிரி கிழக்கே திரும்புகிறது. பேரூர் நொய்யலில் பல மாதம் தண்ணீர் இருக்காது, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மா உயிரோடு இருந்தபோது எந்த ஆற்றில் ஆசையாக இறங்கிக் குளித்தார்? அங்கே போங்கள். மூன்று பேரில் ஒருவருக்கும் இதில் மறுப்பு இருக்காது.

ஆற்றங்கரையில் குடியிருக்கிறவளாக ஒன்று கேட்கிறேன். கட்டின துணியை ஆற்றில் விடாதீர்கள். ஆடிப் பதினெட்டுக்குப் படித்துறையில் இறங்கினால் காலில் சேலையும் வேட்டியும்தான் சுற்றுகின்றன. பிளாஸ்டிக் கவரோடு அஸ்தியைப் போட்டுவிட்டுப் போகிறவர்களையும் பார்க்கிறேன். வயிறு எரிகிறது.

கேள்வி: தம்பிக்கு வருகிற தை மாதம் கல்யாணம். நான் ஒரே அக்கா. இரண்டு வருடம் முன்பு என் கணவர் விபத்தில் போய்விட்டார். இணைச்சீருக்குப் பங்காளி வீட்டுப் பெண்ணை நிறுத்திக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் பேசுவது காதில் விழுகிறது. நான் கல்யாணத்துக்குப் போகாமலே இருந்துவிடட்டுமா?
– ஒரு வாசகி, கோபி

போக வேண்டும். நிற்கவும் வேண்டும்.

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். இணைச்சீர் என்பது கொங்குக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அவருடைய உடன்பிறந்தாளை நிறுத்திச் செய்கிற சீர். உடன்பிறந்தாள் என்பதால் கிடைக்கிற உரிமை அது. புருசன் போனதால் உடன்பிறப்பு இல்லாமல் போய்விடுமா?

1998இல் என் கொழுந்தனாருக்குக் கல்யாணம். என் நங்கையா, அதாவது வீட்டுக்காரரின் அக்கா, அதற்கு மூன்று வருடம் முன்பே புருசனை இழந்தவர். நில்லாதே என்று அவரிடம் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒன்றுவிட்ட தங்கச்சி ஒருத்தியை நிறுத்திவிட்டோம், அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்குப் பட்டுச்சேலை கட்டிவிட்டதே நான்தான். சீர் நடக்கும்போது நங்கையா சமையல் பந்தலில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. கிட்டே போனேன். "வெங்காயம் உரிக்கிறனில்ல கண்ணு" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

பல வருடம் கழித்து என் மகன் கல்யாணத்தில் நான் தூண் பக்கம் ஒதுங்கி நின்றபோது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தது அதே நங்கையாதான். "நீ பெத்தவ. முன்னாடி நில்லு" என்று இழுத்துக்கொண்டு போய் மணவறையோரம் நிறுத்தினார். நான் அவருக்குச் செய்யாததை அவர் எனக்குச் செய்தார்.

எங்கள் ஊரில் பிறந்தவர் பாடகியும் நடிகையுமான கே.பி.சுந்தராம்பாள். அவருடைய கணவர், நாடக நடிகர் கிட்டப்பா 1933இல் இறந்தபோது அந்த அம்மாவுக்கு 25 வயது. அதன் பிறகு வெள்ளைச் சேலைதான். அந்தச் சேலையோடு வந்து பாடியதைத் தமிழ்நாடே கை கூப்பிக் கேட்டது. சட்ட மேலவைக்கும் போனார். அவரிடம் பார்க்காத சகுனத்தை நம் வீட்டுப் பெண்ணிடம் மட்டும் எதற்குப் பார்க்க வேண்டும்?

இதைப் பெரியவர்களோடு நீங்கள் தனியாக வாதாட வேண்டாம். "என் அக்காதான் நிற்கணும்" என்று தம்பி சொல்லட்டும். சீர் செய்கிற அருமைக்காரரிடம் அம்மாவும் தம்பியும் முன்கூட்டியே போய்ப் பேசிவிடட்டும். கல்யாணத்தன்று காலையில் பேசினால் சண்டையாகிவிடும்.

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது, முட்டி வலி. மேட்டுப்பாளையம் ரயிலில் ஊட்டிக்குக் கூட்டிப் போகலாமா?
– ஒரு வாசகர், கரூர்

தாராளமாக. ஆனால் ஏறும்போது பஸ்ஸிலோ காரிலோ போங்கள். 46 கிலோமீட்டரை மேலே ஏற ரயிலுக்கு ஐந்து மணி நேரத்துக்குப் பக்கம் ஆகிறது. முட்டி வலிக்காரருக்கு அது சிரமம். ஊட்டியில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு, மறுநாள் மதிய வண்டியில் இறங்குங்கள், உட்கார்ந்திருக்கிற நேரம் குறையும். பெட்டிக்குள் கழிப்பறை கிடையாது. வண்டி நிற்கிற ஸ்டேஷனில் அவசரமில்லாமல் இறங்கிப் போய்வரச் சொல்லுங்கள். டிக்கெட்டை முன்கூட்டியே எடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மண் சரிந்து வண்டியை நிறுத்திவிடுவார்கள்.

இந்த ரயிலில் என்னைக் கூட்டிப் போகிறேன் என்று வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். மண்டியில் வரத்து முடியட்டும், மகள் பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப் போனது. கடைசியில் மருமகளோடு போனேன். மலைப் பாதையில் பல் சக்கரம் தண்டவாளத்துக்கு நடுவிலிருக்கிற பல் சட்டத்தைப் பிடித்து ஏற, பின்னாலிருந்து எஞ்சின் தள்ளுகிறது. ஹில்குரோவில் நின்றபோது ஒரு குரங்கு என் மடியிலிருந்த முறுக்குப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஓடியது. "மாமா இருந்தா என்னங்க சொல்லியிருப்பாரு?" என்றாள் மருமகள். குன்னூர் வரைக்கும் அவரைப் பற்றியே பேசிக்கொண்டு போனோம்.

கேள்வி: சத்தியமங்கலத்துக்காரி நான், பெங்களூரில் இருக்கிறேன். அம்மா போய் இரண்டு வருடம். அரிசிம்பருப்பு சோறு எத்தனை தடவை செய்தும் அம்மாவின் ருசி வரவில்லை.
– ஒரு வாசகி, பெங்களூரு

ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பு. சின்ன வெங்காயத்தைக் குறைக்காதீர்கள். பூண்டையும் சீரகத்தையும் தட்டிப் போடுங்கள், அரைக்க வேண்டாம். அரிசியைக் கால் மணி நேரமாவது ஊற விடுங்கள். இதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது. உங்கள் அம்மா எதில் அளந்தார், எந்தப் பக்குவத்தில் இறக்கினார் என்பது உங்கள் பெரியம்மாவுக்கோ சித்திக்கோ தெரிந்திருக்கும். போனில் கேட்டால் "கண்ணளவுதான் சாமி" என்றுதான் சொல்வார்கள். ஊருக்கு வரும்போது அடுப்புக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

எங்கள் வீட்டில் ஊத்துக்குளி வெண்ணெயை உருக்கும்போது, பொங்கி அடங்குகிற நேரத்தில் ஒரு கொத்து முருங்கைக்கீரையைப் போடுவோம். என் மாமியார் எனக்குக் காட்டியது. போன வாரம் நான் உடம்புக்கு முடியாமல் படுத்திருந்தபோது அடுக்களையிலிருந்து அந்த வாசம் வந்தது. மருமகள் கீரையைப் போட்டிருக்கிறாள்.