வேலையை விட்டால்தான் படம் எடுக்க முடியுமா?

கேள்வி: அரசுத் திட்டங்களை ஆராயும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஒன்றரை வருடமாக யார் வேண்டுமானாலும் ஏறிப் பேசலாம் என்கிற ஓப்பன் மைக் மேடைகளில் ஸ்டாண்ட்-அப் காமெடி செய்கிறேன். மக்களிடம் இருக்கும் தப்பெண்ணங்களைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்க ஓர் ஆவணப்படம் எடுக்க ஆசை. வேலையை விட்டுவிட்டு சினிமா படிக்கப் போகலாமா?

பதில்: இப்போதைக்கு வேலையை விடாதீர்கள். உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தவர் நகைச்சுவைக் கலைஞரும் ஆவணப்பட இயக்குநருமான நெகின் ஃபர்சாத். ஈரானியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்து, கலிஃபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸில் வளர்ந்தவர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் அரசியலும் நாடகமும், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்க-அமெரிக்க ஆய்வும் பொதுக் கொள்கையும் படித்தார். நியூயார்க் நகர நிர்வாகத்தில் கொள்கை ஆலோசகராகப் பகலில் வேலை, இரவில் காமெடி மேடை. கிட்டத்தட்ட உங்கள் நிலைமைதான்.

அவருடைய 'நெர்ட்கோர் ரைசிங்' ஆவணப்படம் 2008-இல் வந்தது. எம்சி ஃப்ரண்டலாட் என்ற ராப் பாடகரின் சுற்றுப்பயணத்தில் கூடவே போய் எடுத்தது. புதிதாக எடுப்பவருக்கு இது நல்ல வழி. பயணம் என்றாலே தொடக்கமும் முடிவும் தானாகக் கிடைத்துவிடும்.

2013-இல் இன்னொரு நகைச்சுவைக் கலைஞரான டீன் ஒபைதல்லாவுடன் சேர்ந்து இயக்கிய 'தி முஸ்லிம்ஸ் ஆர் கமிங்!' படத்துக்கும் பயணம்தான் முதுகெலும்பு. முஸ்லிம் நகைச்சுவைக் கலைஞர்கள் சிலர் அமெரிக்காவின் தென் மாநிலங்களுக்கும், மேற்கே அரிசோனா, யூட்டா பக்கமும் போய் இலவசமாக நிகழ்ச்சி நடத்துகிறார்கள்.

மேடைக் காட்சிகளைவிட இந்தப் படத்தின் தெருக் காட்சிகளைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். பொது இடத்தில் ஒரு மேஜை. 'முஸ்லிமிடம் கேளுங்கள்' என்று ஒரு பலகை. பின்னால் சிரித்த முகத்தோடு கலைஞர்கள். அவ்வளவுதான். மைக்கை நீட்டிக்கொண்டு பின்னாலேயே போனால் யாரும் ஜாக்கிரதையாகத்தான் பேசுவார்கள். மேஜை போட்டு உட்கார்ந்தால், கேள்வியோடு அவர்களே வருகிறார்கள். மனதில் உள்ள பயமும் அறியாமையும் அந்தக் கேள்வியிலேயே வெளியே வந்துவிடுகின்றன. யாரையும் மட்டம் தட்ட வேண்டிய தேவை வருவதில்லை. இந்த வகைக்கு ஃபர்சாத் வைத்திருக்கும் பெயர் சமூகநீதிக் காமெடி. அவர் செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த மேஜைதான்.

படம் வெளிவந்த பிறகும் அவர் விடவில்லை. நியூயார்க் சுரங்க ரயிலில் ஒட்ட அவரும் ஒபைதல்லாவும் போஸ்டர்கள் தயாரித்தார்கள். முஸ்லிம்களைப் பற்றிய கசப்பான உண்மை என்று மிரட்டலாகத் தொடங்கி, அவர்கள் முட்டைப் பொரியல் பிரமாதமாகச் செய்வார்கள் என்று முடிகிற மாதிரி. 2015-இல் போக்குவரத்து ஆணையம் அரசியல் விளம்பரங்களுக்குத் தடை போட்டு, இவற்றையும் அதில் சேர்த்துவிட்டது. இருவரும் வழக்குப் போட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் கூட்டாட்சி நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அரசு இயந்திரத்தை உள்ளிருந்து பார்த்த அனுபவம் இங்கே தெம்பு கொடுத்திருக்கும் என்பது என் கணிப்பு. உங்கள் அலுவலக அனுபவத்தையும் அப்படித்தான் பார்க்கிறேன், அது வீண் இல்லை.

சரி, எங்கே தொடங்குவது? கேமராவை வாடகைக்கு எடுக்கும் முன், அனுமதி வாங்கி, இரண்டு ஞாயிற்றுக்கிழமை வெறும் மேஜையோடு உட்காருங்கள். பலகையில் என்ன எழுதினால் ஆள் நிற்கிறார், எதற்கு ஒதுங்கிப் போகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். படப்பிடிப்பு தொடங்கியதும், முகம் தெரிகிற ஒவ்வொருவரிடமும் அந்த இடத்திலேயே ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்து வாங்குங்கள், பிறகு தேடிப் பிடிக்க முடியாது. மேடை நிகழ்ச்சியை எடுக்கும்போது பார்வையாளர் பக்கம் தனியாக ஒரு மைக் வையுங்கள். சிரிப்பு சரியாகப் பதிவாகாவிட்டால் நல்ல ஜோக்கும் திரையில் செத்துப்போகும்.