சாலை ஒப்பந்தமும் தெருவில் படப்பிடிப்பும்: மன்றம் எப்படி முடிவெடுக்கிறது? – கேள்வி பதில்

நகராட்சிப் பொறியியல் பிரிவில் 27 வருடம் வேலை பார்த்தவன் நான். சாலை ஒப்பந்தங்களைத் தயாரிப்பதும், போட்ட சாலையை அளப்பதும்தான் வேலை. தெரு எங்கள் பொறுப்பில் இருந்ததால், கடைசி ஆறு வருடம் படப்பிடிப்புக்கு இடம் கேட்டு வரும் மனுக்களும் என் மேஜைக்கே வந்தன. இந்த இரண்டையும் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். பலருக்கும் உதவும் என்று தோன்றியவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். சட்டம் ஊருக்கு ஊர் மாறும். வேலை நடக்கும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான்.

கேள்வி: ஐயா, எங்கள் தெருவில் குழி இல்லாத இடமே இல்லை. ஆனால் இந்த வருடப் பட்டியலில் பார்க்க நன்றாகவே இருக்கும் பக்கத்துத் தெருதான் இருக்கிறது. செல்வாக்குதானே காரணம்?

பதில்: செல்வாக்கு வேலை செய்யும் இடமும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் பட்டியலைப் பார்த்ததுமே அந்த முடிவுக்கு வந்துவிடாதீர்கள். பல நகரங்களில் ஒவ்வொரு தெருவுக்கும் 0 முதல் 100 வரை மதிப்பெண் போடுகிறார்கள். அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை உருவாக்கிய முறை அது. விரிசல், பள்ளம், அலை, பெயர்ந்த ஜல்லி என்று ஒவ்வொன்றையும் அளந்து 100-லிருந்து கழிப்பார்கள்.

தார் சாலை முதல் சில ஆண்டுகள் மெதுவாகத்தான் தேயும். ஒரு கட்டத்துக்கு மேல் சரசரவென்று சரியும். விரிசல் வழியாகத் தண்ணீர் அடித்தளத்துக்குள் இறங்கிவிட்டால் அப்புறம் மேல்பூச்சு எதுவும் நிற்காது. தோண்டி அடியிலிருந்து கட்ட வேண்டும். 70 மதிப்பெண் தெருவுக்கு மெல்லிய பூச்சு போட்டால் இன்னும் சில வருடம் தாங்கும். 25 மதிப்பெண் தெருவுக்கு ஆகும் செலவில் அப்படிப் பல தெருக்களைக் காப்பாற்றிவிடலாம். மோசமான தெருவை மட்டுமே துரத்திக்கொண்டிருந்தால், இன்று நன்றாக இருப்பவையும் நாலைந்து வருடத்தில் அந்த வரிசையில் வந்து நிற்கும்.

அதற்காக உங்கள் தெருவைக் கைவிடலாம் என்று அர்த்தமில்லை. மூன்று விஷயம் கேளுங்கள்: எங்கள் தெருவின் மதிப்பெண் என்ன, அது எந்த வருடம் எடுத்தது, மறுகட்டுமானம் எந்த வருடத் திட்டத்தில் இருக்கிறது? "எப்படியும் புதிதாகப் போடப் போகிறோம், அதனால் குழியை இப்போது மூட மாட்டோம்" என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். குழி மூடுவது தினசரிப் பராமரிப்பு வேலை. ஓரங்களைச் சதுரமாக வெட்டி, துடைத்து, தார்ப்பசை தடவி, கலவையை நிரப்பி அழுத்த வேண்டும். தேங்கிய தண்ணீரிலேயே கலவையைக் கொட்டிவிட்டுப் போவது குழி மூடுவது ஆகாது.

கேள்வி: குறைந்த விலை கேட்டவருக்கே டெண்டர் போகிறது. தரம் எப்படி வரும்? மன்றம் மறுக்க முடியாதா?

பதில்: மறுக்கலாம். விதி "குறைந்த விலை" என்பதோடு நிற்பதில்லை. தகுதியுள்ளவர்களில், நிபந்தனைகளுக்கு முழுதாக உட்பட்டவர்களில் குறைந்த விலை என்பதுதான் விதி. இயந்திரம் இருக்கிறதா, இதே அளவு வேலை செய்திருக்கிறாரா, முந்தைய வேலையில் என்ன பெயர் என்பதெல்லாம் அதில் அடங்கும். எஸ்டிமேட்டை விட மிகக் குறைத்துக் கேட்டால் கூடுதல் பாதுகாப்பு வைப்புத் தொகை கேட்கவும் பல இடங்களில் வழி இருக்கிறது.

மொத்தத் தொகையை விட இனவாரி விலையை, அதாவது ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாகக் கேட்ட விலையைப் பாருங்கள். அனுபவசாலிக் கான்ட்ராக்டர்கள் செய்யும் ஒரு தந்திரம் இருக்கிறது. எஸ்டிமேட்டில் குறைவான அளவு காட்டியிருக்கும் ஓர் இனம், உதாரணமாக அடித்தள மண்ணை மாற்றுவது, வேலை தொடங்கியதும் பெருகும் என்று அவருக்குத் தெரியும். அதற்கு மட்டும் விலையை ஏற்றி, மற்றவற்றைக் குறைத்து, மொத்தத்தில் குறைந்தவராக வந்துவிடுவார். ஆறு மாதம் கழித்து "கூடுதல் வேலைக்கு ஒப்புதல்" என்று இன்னொரு தீர்மானம் வரும். அந்தத் தீர்மானம் வரும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எந்த இனம் பெருகியது, அதன் விலை மற்றவர்கள் கேட்டதோடு எப்படி இருக்கிறது? இந்தக் கேள்வியைக் கேட்ட உறுப்பினர்களை நான் மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறேன். கேட்டவர்கள்மேல் இன்றும் எனக்கு மரியாதை உண்டு.

கேள்வி: பெரிய பராமரிப்பு ஒப்பந்தம் விவாதமே இல்லாமல் இரண்டு நிமிடத்தில் நிறைவேறியது. இது ஊழல் இல்லையா?

பதில்: அது மட்டுமே ஊழலுக்குச் சாட்சி ஆகாது. வழக்கமான பொருள்களை ஒரே கட்டாகச் சேர்த்து ஒரே வாக்கெடுப்பில் முடிப்பது பல மன்றங்களில் நடைமுறை. யாராவது ஓர் உறுப்பினர் கேட்டால் அந்தக் கட்டிலிருந்து ஒன்றைப் பிரித்துத் தனியாக விவாதிக்கலாம். கேட்கத்தான் ஆள் வேண்டும். அதனால் கூட்டத்தன்று போய் நிற்பதை விட, நிகழ்ச்சி நிரல் வெளியான அன்றே படிப்பது முக்கியம். கலிபோர்னியாவில் 1953-இல் வந்த பிரவுன் சட்டப்படி, வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே நிரலை ஒட்டியாக வேண்டும். உங்கள் ஊரில் எத்தனை நாள் என்று தெரிந்துகொள்ளுங்கள். அந்த இடைவெளியில் உங்கள் வார்டு உறுப்பினரிடம் ஒரு பக்கக் கடிதம் கொடுத்தால் அது கூட்டத்தில் போடும் சத்தத்தை விடத் தூரம் போகும்.

கேள்வி: சார், சாலை போடும்போது தரமாகப் போடுகிறார்களா என்று என்னைப் போன்றவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: இது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கண்ணாலேயே நிறையப் பார்க்கலாம்.

முதலில் பழைய பரப்பைத் துடைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அடுத்து தார்ப்பசை தெளிப்பார்கள். தெளித்தவுடன் அது பழுப்பாக இருக்கும். நீர் பிரிந்ததும் கறுப்பாகும். பழுப்பு மாறுவதற்குள் மேலே கலவை கொட்டினால் இரண்டு அடுக்கும் ஒட்டாது. பின்னாளில் தோசை மாதிரி உரிந்து வருகிற சாலைகளில் பல இப்படிப் போட்டவைதான்.

கலவை சுமார் 150 டிகிரி செல்சியஸ் சூட்டில் வரும். லாரியைத் தார்ப்பாய் போட்டு மூடியிருக்க வேண்டும். சூடு 80, 85 டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்டால் ரோலர் எத்தனை முறை ஓடினாலும் இறுகாது. 4 சென்டிமீட்டர் அடுக்கு என்றால் கிடைப்பது சில நிமிடங்கள்தான். எனவே கலவையைப் பரப்பும் இயந்திரமான பேவர் போகப் போக ரோலர் பின்னாலேயே ஓட வேண்டும். ரோலர் ஓட்டுநர் ஓரமாக நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போயிருந்தால், தயங்காமல் மேற்பார்வைப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

முடிந்த பிறகு துளையிட்டு மாதிரி எடுப்பார்கள். உள்ளங்கை அகல உருளையாக வெளியே வரும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி எடுத்த ஒரு மாதிரியில் கேட்ட தடிமன் 40 மில்லிமீட்டர். ஒரு பக்கம் 41, மறுபக்கம் 26. மேலே பார்த்தால் சமமான, பளபளப்பான சாலை. அடியில் இருந்த பள்ளமேட்டைச் சரிசெய்யாமல் மேலேயே போட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து மாதிரி எங்கே எடுப்பது என்பதைக் கான்ட்ராக்டரின் விருப்பத்துக்கு விட்டதே இல்லை. சோதனை அறிக்கை பொது ஆவணம், கேட்டு வாங்குங்கள். இந்தியாவின் 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது: வேலையை நேரில் பார்வையிடவும், பொருளின் சான்றளித்த மாதிரியைப் பெறவும் அதில் உரிமை இருக்கிறது.

கேள்வி: ஒவ்வொரு முறையும் மேலே மேலே போட்டு, வீட்டு வாசல் சாலையை விடத் தாழ்ந்துவிட்டது.

பதில்: பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். எஸ்டிமேட்டில் சுரண்டும் வேலை ஓர் இனமாக இருக்கிறதா என்று டெண்டருக்கு முன்பே பாருங்கள். இல்லையென்றால் ஆட்சேபணை கொடுக்க அதுதான் நேரம்.

கேள்வி: புதுச் சாலை போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை, குழாய் பதிக்கத் தோண்டிவிட்டார்கள். வயிறு எரிகிறது அண்ணா.

பதில்: எரியத்தான் செய்யும். எத்தனை நன்றாக மூடினாலும் வெட்டிய ஓரம் வழியாகத் தண்ணீர் இறங்கும். சான் பிரான்சிஸ்கோவில் புதிதாகப் போட்ட தெருவை 5 வருடத்துக்குத் தோண்டத் தடை இருக்கிறது; உடைந்த குழாய் போன்ற அவசரத்துக்கு விலக்கு உண்டு. உங்கள் மன்றத்தில் அப்படி ஒரு விதி இல்லையென்றால் அதைக் கொண்டுவரச் சொல்லி எழுதுங்கள். அதோடு, சாலை ஒப்பந்தம் முடிவாகும் முன் குடிநீர், மின்சாரம், தொலைபேசி என்று எல்லோரிடமும் "உங்களுக்கு இங்கே வேலை இருக்கிறதா" என்று எழுதிக் கேட்டார்களா என்று பாருங்கள். கேட்ட கடிதம் கோப்பில் இருக்க வேண்டும்.

கேள்வி: போன வாரம் ஷூட்டிங் என்று எங்கள் தெருவை இரவெல்லாம் மறித்துவிட்டார்கள். இந்த அனுமதியை மன்றமே கொடுக்கிறதா?

பதில்: ஒவ்வொரு அனுமதியும் மன்றத்துக்கு வராது. மன்றம் விதியையும் கட்டணத்தையும் நிர்ணயிக்கும். அந்த எல்லைக்குள் அதிகாரி அனுமதி கொடுப்பார். படப்பிடிப்புக்கென்று தனி அலுவலகம் வைப்பது நியூயார்க்கில் 1966-இல் மேயர் ஜான் லிண்ட்சே காலத்தில் தொடங்கியது. அதற்கு முன் ஒரு படக்குழு துறை துறையாக அலைய வேண்டியிருந்தது.

அனுமதித் தாளில் நேரம், வண்டிகள் நிற்கும் இடம், ஜெனரேட்டர் எங்கே, விளக்கு எந்தப் பக்கம், ஆம்புலன்ஸ் போக எத்தனை அகலம், துப்பாக்கிச் சத்தம் உண்டா, காப்பீடு எவ்வளவு என்று எல்லாமே இருக்கும். அக்கம்பக்க வீடுகளுக்கு முன்கூட்டியே நோட்டீஸ் கொடுப்பதும் பெரும்பாலும் நிபந்தனைதான். முழுத் தெருவையும் இரவு முழுக்க மறிக்கச் சொல்லியிருந்ததா, இல்லை ஒவ்வொரு காட்சிக்கும் 2, 3 நிமிடம் வண்டிகளை நிறுத்திவிட்டு விட வேண்டும் என்று இருந்ததா? அந்தத் தாளின் நகலைக் கேளுங்கள். இரண்டாவதுதான் என்றால் குழு நிபந்தனையை மீறியிருக்கிறது. தேதி, நேரத்தோடு எழுதிக் கொடுங்கள். அடுத்த முறை அவர்கள் மனு போடும்போது உங்கள் கடிதமும் கோப்பில் இருக்கும்.

கேள்வி: நான் கல்லூரி மாணவி. ஒரு கேமரா, மூன்று பேர், குறும்படம். இதற்கும் அனுமதி வேண்டுமா?

பதில்: நியூயார்க்கில் கையில் பிடித்த கேமராவோ முக்காலியோ மட்டும் வைத்துக்கொண்டு, நடைபாதையை உங்களுக்கென்று மறிக்காமல் எடுத்தால் பொதுவாக அனுமதி தேவையில்லை. உங்கள் ஊர் விதி கடுமையாக இருக்கலாம், எடுக்கும் முன் விசாரித்துவிடுங்கள் அம்மா. மன்றங்களுக்கு நான் சொல்வது: மூன்று பேர் குழுவையும் முப்பது வண்டிக் குழுவையும் ஒரே படிவத்தில் அடைக்காதீர்கள். அடைத்தால் சின்னப் பிள்ளைகள் திருட்டுத்தனமாக எடுப்பார்கள், விபத்து நடந்தால் யாருக்கும் பாதுகாப்பு இருக்காது.

கேள்வி: படக்குழுவின் கனரக வண்டிகளால் சாலை கெடுமா? கெட்டால் யார் பொறுப்பு?

பதில்: கெடும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை, சோதனைக்கென்றே போட்ட சாலைகளில் ராணுவ வீரர்களை வைத்து லாரி ஓட்டிப் பார்த்தார்கள். அச்சின் சுமை இரட்டிப்பானால் சேதம் ஏறக்குறைய 16 மடங்கு என்பது அதில் கிடைத்த கணக்கு. ஓடும் வண்டிக்கே இப்படி. நிற்கும் கிரேனின் இரும்புக் கால் இன்னும் மோசம்.

என் மேஜையிலேயே நடந்தது ஒன்று. புதிதாகப் போட்டு ஒன்பது நாளான தெரு, நல்ல வெயில் காலம். இரவுக் காட்சிக்குக் கிரேன் வண்டி வந்து நான்கு கால்களையும் தாரின்மேல் ஊன்றி நின்றிருக்கிறது. காலையில் போய்ப் பார்த்தால் நான்கு பள்ளங்கள், ஒவ்வொன்றும் விரலின் ஒரு கணு ஆழம். இது என் பராமரிப்புப் பொறுப்பில் வராது என்றார் கான்ட்ராக்டர். சாலைதான் பலவீனம் என்றது படக்குழு. இருவரும் சொன்னதை விட எனக்கு வலித்தது வேறு: படப்பிடிப்புக்குக் கையெழுத்துப் போட்டவனும் நான், அந்தச் சாலை வேலையின் அட்டவணை வைத்திருந்ததும் என் பிரிவு. இரண்டு தாளையும் நான் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. வைப்புத் தொகையில் பிடித்துச் சரிசெய்தோம், ஆனால் நான்கு சதுர ஒட்டு அந்தத் தெருவில் நிலைத்துவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு நிபந்தனை சேர்த்தேன்: புதுச் சாலையில் குறிப்பிட்ட நாள்வரை கனரக வண்டிக்கு இடமில்லை, அதன் பிறகும் கால்களுக்கு அடியில் பலகை கட்டாயம். படப்பிடிப்புக்கு முன்னும் பின்னும் இரு தரப்பும் சேர்ந்து நின்று எடுத்த புகைப்படம் இருந்தால் பொறுப்பு யாருடையது என்ற சண்டையே வராது.

கேள்வி: படப்பிடிப்புக் கட்டணம் எங்கே போகிறது?

பதில்: பெரும்பாலும் பொது நிதிக்கு. ஒரு பகுதியை அந்தத் தெருக்களின் பராமரிப்புக்கே ஒதுக்க மன்றம் தீர்மானம் போடலாம். அதிகம் படம் எடுக்கப்படும் தெருக்காரர்கள் இதைக் கேட்பது நியாயம் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: வரும் கூட்டத்தில் எங்கள் பகுதிச் சாலை ஒப்பந்தமும் படப்பிடிப்பு விதித் திருத்தமும் ஒன்றாக வருகின்றன. பொதுமக்களுக்கு மூன்று நிமிடம். என்ன பேசுவது ஐயா?

பதில்: இரண்டையும் பற்றிப் பேச ஆரம்பித்தால் நேரம் போதாது. இரண்டும் சந்திக்கும் இடத்தை மட்டும் பேசுங்கள். எங்கள் தெருவில் சாலை வேலை எந்தத் தேதியில் முடிகிறது, அதன் பிறகு கனரக படப்பிடிப்பு வண்டிகளுக்கு எந்தத் தேதியிலிருந்து அனுமதி? இந்த இரண்டு தேதியையும் தீர்மானத்திலேயே எழுதச் சொல்லுங்கள். கடிதமாகவும் எழுதி, பேசி முடித்ததும் மன்றச் செயலரிடம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.