அகிம்சைக்குச் சான்றிதழ் எதற்கு?

கேள்வி: காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். எங்கள் ஊருணிக்குத் தண்ணீர் வரும் வரத்துக்காலை மனை போட்டவர்கள் மண்ணடித்து மூடிவிட்டார்கள். மனு கொடுத்தும் பயனில்லை. மகளிர் குழுவில் நாற்பது பேர் அறவழியில் போராட முடிவு செய்திருக்கிறோம். அகிம்சைப் பயிற்சி இல்லாமல் இறங்கினால் வழக்கில் மாட்டிக்கொள்வீர்கள் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். ஒருநாள் பயிற்சி, சான்றிதழ், போலீஸ் அனுமதி மூன்றுக்கும் சேர்த்துத் தலைக்கு 500 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? சிங்கப்பூர் போகக் காத்திருக்கும் என் மகனும் வருகிறேன் என்கிறான். வரலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். உங்களுக்குப் பயிற்சி தேவை, அவர் தேவையில்லை.

ஆயுதமின்றி அமைதியாகக் கூடுவது அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு தந்த உரிமை. அதற்குச் சான்றிதழ் என்று ஒன்று கிடையாது. காவல் நிலையத்தில் அந்தத் தாளை நீட்டினால் யாரும் வாங்கிப் பார்க்கக்கூட மாட்டார்கள். அனுமதி மனுவையும் நீங்களே எழுதலாம்: நாள், இடம், நேரம், எத்தனை பேர், ஒலிபெருக்கி உண்டா இல்லையா. சில நாள் முன்னதாகவே கொடுத்து, நகலில் தேதியோடு ஒப்புகை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பதில் என்னவோ முதல் நாள் இரவுதான் வரும். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

இந்த ஏற்பாட்டுக்காரர்களை எனக்குத் தெரியும். முதலில் பயிற்சி என்பார்கள். அடுத்து மைக் செட், பந்தல், ஃபிளெக்ஸ். பிறகு, 'கூட்டம் மெலிந்து தெரிகிறதே, வெளியூரிலிருந்து ஒரு வேன் ஆள் இறக்கட்டுமா?' என்பார்கள். அந்த வேனில்தான் வில்லங்கம் வந்து இறங்குகிறது. கல்லை எறிந்தவன் வேனேறிப் போய்விடுவான், வழக்கு உங்கள் பெயரில் நிற்கும். அதே ஆள் மனை போட்டவரிடமும் போய் 'நான் பேசி முடிக்கிறேன்' என்று தனியாக ஒரு தொகை வாங்குவதும் உண்டு. நாற்பது பேர் போதும். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தபோது உடன் அழைத்துப் போனது ஏறக்குறைய நூறு பேரைத்தான். அவர்களையும் தேர்ந்தெடுத்தே சேர்த்தார். தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுக்கக் கூடாது என்று தஞ்சாவூர்க் கலெக்டர் தார்ன் மிரட்டியும் நடை நிற்கவில்லை.

இனிப் பயிற்சி. சொற்பொழிவு கேட்டு அகிம்சை வராது. கண்மாய்க் கரையில் உட்கார்ந்து நீச்சல் கற்ற கதையாகிவிடும். அமெரிக்காவில் ஜேம்ஸ் லாசன் என்றொரு பாதிரியார் இருந்தார். நாகபுரியில் சில ஆண்டுகள் பணியாற்றிக் காந்தியின் வழியைப் படித்துத் திரும்பியவர். 1959இல் நாஷ்வில் நகரில் கறுப்பின மாணவர்களைக் கூட்டி அவர் பேசியதோடு நிறுத்தவில்லை, நடிக்க வைத்தார். பாதிப் பேர் உணவகத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார வேண்டும். மீதிப் பேர் அவர்களைத் திட்ட வேண்டும், தள்ள வேண்டும், முகத்தில் சிகரெட் புகையை ஊத வேண்டும். அடுத்த பிப்ரவரியில் அந்த மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த உணவு மேசைகளில் போய் உட்கார்ந்தார்கள். அடிபட்டார்கள், சிறைக்கும் போனார்கள், திருப்பி அடிக்கவில்லை. மே மாதம் கடைக்காரர்கள் இறங்கி வந்தார்கள்.

நீங்களும் அதையே செய்யுங்கள். பூட்டிக் கிடக்கும் ஏதாவது ஒரு பெரிய வீட்டின் முகப்பைச் சாவிக்காரரிடம் கேட்டு வாங்கினால் இடம் தாராளம். (நம் சீமையில் அதற்கா பஞ்சம்!) இருபது பேர் தரையில் உட்காருங்கள். இருபது பேர் போலீஸாகவும் மனைக்காரரின் ஆட்களாகவும் மாறுங்கள். முதல் சுற்றில் எல்லோரும் சிரிப்பீர்கள். இரண்டாம் சுற்றில் நிஜமாகவே வரப்போகும் வசவுகளைச் சொல்லச் சொல்லுங்கள். சாதியைச் சொல்லி வரும், 'வீட்டில் கேட்க ஆள் இல்லையா' என்று நடத்தையைச் சொல்லி வரும். யாருக்குக் கை துடிக்கிறது, யாருக்கு அழுகை வருகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் நிறுத்திப் பேசுங்கள், பிறகு இடம் மாறுங்கள். போலீஸாக நடித்தவருக்குத்தான் எதிரில் இருப்பவரின் பயம் புரியும். போலீஸிடம் பேச ஒருவர், வீடியோ எடுக்க ஒருவர், கோபக்காரர்களின் பக்கத்திலேயே உட்கார நிதானமான இருவர் என்று ஆட்களைப் பிரித்துவிடுங்கள். தள்ளினால் உட்கார்ந்துவிட வேண்டும், கை வெளியே தெரிய வேண்டும், லத்தியைப் பிடிக்கக் கூடாது. சாலை மறியல் வேண்டவே வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸை மறித்தால் ஊரே உங்களுக்கு எதிராகிவிடும்.

தொடங்கிய போராட்டத்தைப் பாதியில் விடக் கூடாது என்பது விதி. இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்கள் பக்கத்திலிருந்து ஒரே ஒரு கல் பறந்தாலும் அன்றைய போராட்டத்தை அங்கேயே முடித்துவிட்டு எழுந்து போய்விடுங்கள். எறிந்தவன் யார், எதற்கு எறிந்தான் என்ற விசாரணையை அங்கே வைக்காதீர்கள். போலீஸே ஆள் விட்டு எறியச் செய்ததாகச் சந்தேகம் வந்தாலும் எழுந்துவிட வேண்டியதுதான். 1922இல் சௌரி சௌராவில் காவல் நிலையம் எரிந்து 22 போலீஸார் இறந்தபோது நாடு தழுவிய இயக்கத்தையே காந்தி நிறுத்தினார். கூட இருந்தவர்களே கோபப்பட்டார்கள், அவர் மாறவில்லை. நம் பக்கத்தைப் பாருங்கள். 1942 ஆகஸ்டில், 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தின்போது தலைவர்கள் சிறையில் இருக்க, நிறுத்து என்று சொல்ல ஆளில்லை. தேவகோட்டையில் நீதிமன்றம் எரிந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அவர்கள் தியாகத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் 'எழுந்திருங்கள்' என்று சொல்லப்போவது யார் என்பதை முன்பே முடிவு செய்து, அவர் சொன்னால் நாற்பது பேரும் எழுவதையும் ஒரு சுற்று ஒத்திகை பாருங்கள்.

தேதி அறிவித்தவுடன் தாசில்தார் அமைதிப் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடுவார். பலர் தோற்பது அங்கேதான். தேநீர் வரும், 'பதினைந்து நாளில் பார்க்கிறோம்' என்று ஒரு தாள் வரும், கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார்கள். எந்த அதிகாரி, எந்தத் தேதிக்குள் வரத்துக்காலை அளந்து திறப்பார் என்று எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், நகல் வாங்காமல் எழாதீர்கள். போகும்போது புலப்படம் (நில அளவை வரைபடம்), அ-பதிவேடு (கிராம நிலங்களின் வருவாய்த்துறைப் பதிவேடு) நகல், கிராம சபைத் தீர்மானம் மூன்றும் கையில் இருக்கட்டும். திங்கட்கிழமை கலெக்டரிடம் கொடுத்த மனு, நீங்கள் குறை சொன்ன அதே அலுவலகத்துக்குத்தான் 'உரிய நடவடிக்கைக்காக' அனுப்பப்பட்டிருக்கும். இப்படி ஒரு ஏற்பாட்டை யார் யோசித்தார்களோ!

கைது என்றால் பெரும்பாலும் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்து மாலையில் விட்டுவிடுவார்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கையோடு எடுத்துப் போக வேண்டும். பொழுது சாய்ந்த பிறகு பெண்களைக் கைது செய்வதற்குச் சட்டத்தில் கடுமையான கட்டுப்பாடு இருக்கிறது. யாராவது அழைத்தால் அதைச் சொல்லுங்கள். விட்டுவிட்டார்களே என்று வழக்கு இல்லையென நினைத்துவிடாதீர்கள். தடையாணையை மீறியதாகப் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 223ஆவது பிரிவில் எழுதி வைத்திருக்கலாம், அது பாஸ்போர்ட் விசாரணையின்போது தலைகாட்டும்.

அதனால் மகனைக் களத்தில் உட்கார வைக்காதீர்கள். புலப்பட நகலுக்கு அலைவது, மனுவைத் தட்டச்சு செய்வது, வழக்கறிஞரின் தொலைபேசி எண்ணோடு வீட்டில் விழித்திருப்பது எல்லாம் அவருக்கான வேலைகள். அந்த 20,000 ரூபாயையும் அவரிடமே கொடுத்து வையுங்கள். ஜாமீன் என்று வந்தால் உதவும்.