அட்டை கெட்ட இரத்தத்தைத்தான் குடிக்குமா?

கேள்வி: எங்கள் அம்மாயிக்கு 62 வயது. மஸ்கெலியா பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கிறார். மழை தொடங்கினால் காலெல்லாம் அட்டைக்கடிதான். பிடுங்கப் போனால், "விடுடா, கெட்ட இரத்தத்தைக் குடிச்சிட்டு அதுவே விழுந்துரும், பிரஷரும் குறையும்" என்கிறார். விழுந்த பிறகும் இரவு வரை இரத்தம் கசிகிறது. இதயத்துக்கு ஆஸ்பிரின் போடுகிறார். பயப்பட வேண்டுமா?

பதில்: முதலில், அம்மாயியைக் கேலி செய்துவிடாதீர்கள். 1830களில் பிரான்சின் பெரிய டாக்டர்களே அவர் கட்சிதான். நெப்போலியன் படையில் மருத்துவராக இருந்த புரூசே என்பவர், நோய்க்கெல்லாம் மூலம் குடல் அழற்சி, அதற்கு மருந்து அட்டை என்று நம்பினார். காய்ச்சலா? அட்டை. வயிற்று வலியா? அட்டை. உள்ளூர்க் குளங்களில் அட்டை தீர்ந்துபோய், 1833இல் மட்டும் 4 கோடிக்கு மேல் இறக்குமதி செய்தார்கள்.

இங்கிலாந்தில், விட்பி ஊரைச் சேர்ந்த டாக்டர் மெரிவெதர் அதையும் மிஞ்சினார். புயல் வருமுன் அட்டை மேலே ஏறும் என்பதைக் கவனித்து, 12 போத்தல்களில் ஒவ்வொன்றாக விட்டு, ஏறினால் மணி அடிக்கும்படி ஒரு கருவி செய்தார். 1851 லண்டன் பெருங்காட்சியில் அது வைக்கப்பட்டது. பாவம், தனிமையில் வாடக்கூடாது என்று, ஒன்றையொன்று பார்க்கும்படி போத்தல்களை வட்டமாக அடுக்கினாராம். அரசாங்கம் அதை வாங்கவில்லை. நம் மலையில் மணி எதற்கு, காலைக் குனிந்து பார்த்தாலே போதும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நல்ல இரத்தம், கெட்ட இரத்தம் என்று அட்டைக்குத் தெரியாது. நம் மலை அட்டை குடிப்பது ஒரு தேக்கரண்டியை எட்டுவதே அரிது. அதனால் பிரஷர் குறையாது. இரத்தம் உறையாமல் இருக்க அதன் உமிழ்நீரில் ஒரு பொருள் உண்டு, அதுதான் மணிக்கணக்கில் கசிய வைக்கிறது. அம்மாயிக்கு ஆஸ்பிரினும் சேர்வதால் இன்னும் நீளும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்! கிளினிக் கொப்பியோடு போய், இரத்தச்சோகை இருக்கிறதா என்று ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். கொழுந்து எடுக்கும் பெண்களில் பலருக்கு அது உண்டு.

அட்டைக்கு வைத்தியத்தில் இடமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1985இல் பொஸ்டனில், நாய் கடித்துத் துண்டான ஒரு சிறுவனின் காதைத் திரும்பத் தைத்தபோது, அதில் தேங்கிய இரத்தத்தை எடுக்க அட்டைகளைத்தான் விட்டார்கள். காது பிழைத்தது. ஆனால் அவை வைத்தியத்துக்கென்றே வளர்க்கப்பட்டவை, தோட்டத்து வடிகாலில் பிடித்தவை அல்ல.

கடித்தால் உப்பு, நெருப்பு வைக்க வேண்டாம்; வயிற்றில் உள்ளதை அது காயத்திலேயே கக்கலாம். மெல்லிய முனைப் பக்கம் நகத்தைத் தோலோடு வழித்தால் வாய் விட்டுவிடும், அப்புறம் மறு முனை. சவர்க்காரம் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். இடையில் எடுத்து எடுத்துப் பார்த்தால் நிற்காது. நன்றாக அழுத்தியும் ஓடிக்கொண்டே இருந்தால், தலை சுற்றினால், முகம் வீங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இன்னொன்று. ஓடையில் குளிப்பவர்களுக்கு நீர் அட்டை மூக்குக்குள் ஏறுவதும் உண்டு. ஒரு பக்க மூக்கில் மட்டும் நாள்கணக்கில் இரத்தம் வந்து, உள்ளே ஏதோ நெளிகிற மாதிரி இருந்தால், வீட்டில் குச்சி விட்டு நோண்டாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.