ஸ்டாக்ஸ் ரெக்கார்ட்ஸ் தன் பாடல்களையே இழந்தது எப்படி?

கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தைப் படிக்காததால்தான்.

1957-இல் ஜிம் ஸ்டூவர்ட் தொடங்கிய அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனி இது. அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டன் வீட்டை அடமானம் வைத்து ரெக்கார்டிங் மெஷின் வாங்கித் தந்தார். 1960-இல் மெம்ஃபிஸில் ஒரு பழைய சினிமா தியேட்டர் ஸ்டூடியோ ஆனது. சரிவான தரையைச் சமன் செய்யக் காசில்லை. அந்த முரட்டு எதிரொலியே ஸ்டாக்ஸின் முத்திரையாகிவிட்டது!

இசைத்தட்டுகளை விநியோகித்தது அட்லான்டிக் என்ற இன்னொரு இசைத்தட்டுக் கம்பெனி. 1965 ஒப்பந்தத்தில், விநியோகித்த பாடல்களின் மாஸ்டர் டேப் (மூல ஒலிப்பதிவு) உரிமை முழுக்க அட்லான்டிக்குக்கே என்று ஒரு ஷரத்து. அட்லான்டிக் வார்னர் நிறுவனத்திடம் விலைபோனபோதுதான் ஸ்டூவர்ட்டுக்கு விஷயமே தெரிந்தது. ஸ்டாக்ஸின் நட்சத்திரப் பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங் 1967 டிசம்பரில் விமான விபத்தில் இறந்திருந்தார். அவர் பாடல்களும் போயின.

சரக்கில்லாத கடையை நிரப்ப, 1969-இல் ஸ்டாக்ஸ் நிர்வாகி அல் பெல் ஒரே மூச்சில் 27 ஆல்பங்களை இறக்கினார். 1975 டிசம்பரில் கம்பெனி திவாலானது.